வரவேற்பு மேசைச் சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் நெஞ்சுவலியும் அம்மாவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? உதட்டில் போட்ட தையலைத் தவிர நான் சௌக்கியம். பதறாதீர்கள். படியில் விழுந்துவிட்டான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் இப்போது எனக்கு வரவேற்பு மேசையில் பயிற்சி. யார் வந்தாலும் முதலில் சிரிக்க வேண்டும் என்பது பாடம். கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.

நேற்று ஒருவர் ஓடிவந்து தன் அப்பாவைப் பற்றிக் கேட்டார். இறந்துவிட்ட தகவல் எனக்கு அப்போதுதான் வந்திருந்தது. “உட்காருங்க சார், டாக்டர் வந்து பேசுவாரு” என்றேன். அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதும் அந்த மகன் என்னிடம் திரும்பி வந்தார். “தெரிஞ்சுதான் சிரிச்சியாடா?” டெலிபோனைப் பிடுங்கி என் வாயிலேயே அடித்தார். கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்ததில் கண்ணாடித் தடுப்பு நொறுங்கியது. காவலாளிகள் அவரைக் கீழே தள்ளி மிதிமிதியென்று மிதித்தார்கள். “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டே மிதி வாங்கினார். “விடுங்கய்யா” என்று நான் கத்தியது ரத்தத்தில் குழறிப்போயிற்று.

வெள்ளைச் சட்டை இரண்டு அனுப்புங்கள். ரத்தக்கறை எப்படிப் போகும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அதே மேசைதான். வாயுவென்று தள்ளிப்போடாமல் நாளைக்கே போய் நெஞ்சைக் காட்டுங்கள். துணைக்கு யாரையாவது அழைத்துப் போங்கள். மேசையில் இருக்கும் பையன் சிரித்தால் பயந்துவிடாதீர்கள் அப்பா, சும்மாதான் சிரிப்பான்.

உங்கள் மகன்