கொட்டில்லாத உன் சத்தம்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து ஹெட்போனைக் காதில் மாட்டியதும் உன் அத்தர் மணத்தது. ஹெட்போனின் பஞ்சு உரிந்து தும்பு தும்பாகக் கொட்டுகிறது. மாற்றப் புதுப் பஞ்சு எடுத்து வைத்துப் பல மாதம். மாற்றவில்லை. ஃபோன் திருத்துகிறவன் தன் ஹெட்போனைத் திருத்தாமல் வைத்திருக்கிறானே என்று வருகிறவர்கள் பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். வெள்ளிக்கிழமைகளில் நீ அத்தரைப் பூசிக்கொண்டு ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே இங்கே வந்து, அந்தக் காதோடு இதை அமுக்கிப் பிடிப்பாய். மணம் ஒட்டுதென்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். இப்போது அது குறைந்துகொண்டு போகிறதே என்று பயமாக இருக்கிறது.

போன மாரியில் டெங்கு என்று படுத்த நீ எழும்பவில்லை. இதை எழுதிய பிறகு அடுத்த வரிக்குப் போகக் கை வரமாட்டேனென்கிறது. அதனால் நம்முடைய பழைய சண்டைக்கே போகிறேன்.

நீ கல்முனைப் பிரதான வீதியில் பிடவைக்கடையில் சீலை விரித்துக் காட்டுகிறவன், நான் அதே வரிசையில் ஃபோன் கடை. பகல் சாப்பாட்டுக்குக் கடை விட்டதும் வருவாய். வரும்போதே உன் ஃபோனில் யாரோ ஹிப் ஹொப் ரெப் பாடிக்கொண்டிருப்பான். உலகத்தில் ஒருவரும் கேட்காத ரெப் எல்லாம் உன்னை எப்படித்தான் தேடி வந்ததோ. மலையகத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை, கொழுந்து நிறுக்கிற தராசைத் திட்டிப் பாடியிருந்தாள். மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக்காரன் ஒருவன் தன் தோணியின் எஞ்சின் சத்தத்தையே தாளமாக வைத்திருந்தான். பார்த்தவர் தொகையைப் பார்த்தால், அவர்கள் வீட்டு ஆட்களும் நீயும்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியும். நீ ஒவ்வொருவருக்கும் தவறாமல் பாராட்டு எழுதிப் போடுவாய்.

பிறகு நீயே எழுதிப் பாடவும் தொடங்கினாய். எனக்கு ஏறவில்லை. ஹிப் ஹொப் என்றால் அடிபட்ட கறுப்பு மனிதர்கள் தங்கள் தெருவில் நின்று உண்டாக்கியது, பொலிஸ் துரத்தத் துரத்தப் பாடியது, பிடவைக்கடையில் குளிர் காற்றுக்குக் கீழே நின்று சீலை மடிக்கிற உனக்கு அதில் என்ன உரிமை என்று கேட்டேன். பாடத்தான் வேண்டுமென்றால் சென்னைப் பொடியன்கள் மாதிரிப் பாடு, நாலு பேராவது கேட்பான் என்றும் சொன்னேன். உன் பாட்டுக்குக் கணினியில் தாளம் கட்டிக் கொட்டுப் போடுகிறவன் நான் என்பதால் எனக்கு அந்த அதிகாரம் இருப்பதாக நினைப்பு. நீ சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“அவனுகள் அவனுகள்ட தெருவக் கதைச்சானுகள். நாம நம்மட தெருவக் கதைப்பம். அவனுகள்ட சண்டைய நாம களவெடுக்கக் கூடாது மச்சான். அவ்வளவுதான்.”

ஒரு தரம் என் ஆசைக்காகச் சென்னைத் தமிழில் பாடிப் பார்த்தாய். பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இரவல் கோட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ எழுதியதுதான் அந்தப் பெருநாள் பாட்டு:

பெருநாள் வருகுது, பிடவைய விரி,
பாத்திட்டு வெச்சாங்க, மறுகா மடி,
ஊருக்கே உடுப்பு என்ட கையால போகுது,
உம்மாக்கு ஒரு சீல எப்ப மனே ஆகுது?

‘மறுகா’ என்றால் ‘பிறகு’ என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும், மாற்று என்று நின்றேன். தோட்டத்துப் பிள்ளையின் சொல்லை நாம் தேடிப் படித்துக்கொள்ளவில்லையா, அவர்களும் படிக்கட்டும் என்றாய். மாற்றவில்லை.

சாய்ந்தமருதில் உன் வீட்டு உள்ளறையில்தான் ஒலிப்பதிவு. சத்தம் வருமென்று காற்றாடியை நிறுத்திவிட்டு, போர்வையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்கப் பாடுவாய். பாங்கு சொன்னால் மைக்கை அணைத்துவிட்டுத் தொழப் போவோம். ஆனாலும் வெளியே மீன்காரனின் ஹோன், குசினியில் சட்டி பானை என்று ஏதாவது பாட்டுக்குள் வந்துவிடும். வெட்டினால் உன் வரியும் சேர்ந்து போய்விடும். அந்த இடங்களில் கொட்டைக் கனமாகப் போட்டு மறைத்தேன். அது என் கெட்டித்தனம் என்று பெருமை வேறு.

நீ மவுத்தானபிறகுதான் ஊர் உன்னைக் கேட்டது மச்சான். கபுறடியில் பிடி மண் போட்டுவிட்டு வந்த கை காயுமுன்னே பெருநாள் பாட்டின் யூடியூப் லிங்க் ஃபோன் ஃபோனாகப் போனது. காரைதீவில் ஓட்டோக்காரர்கள் போட்டார்கள், பொத்துவில் பஸ்ஸிலும் ஓடியதாம். ‘மறுகா’வை யாரும் அர்த்தம் கேட்கவில்லை. எனக்குச் சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் உன் உம்மா ஆளனுப்பினார். இங்கே இது வழக்கமாகிவிட்டது உனக்குத் தெரியும்தானே. ஒருவர் மவுத்தானால் அவருடைய பாட்டை, படத்தை அழித்துவிடுங்கள், கொட்டும் பாட்டும் மார்க்கத்தில் கூடாது, கேட்கக் கேட்கக் கபுறில் அவருக்குப் பாரம் என்று வீட்டார் செய்தி போடுவார்கள். பாட்டெல்லாம் இருந்தது நம்முடைய யூடியூப்பிலும் என் கணினியிலும்தான். அழித்தால் அழிந்ததுதான். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று கடத்தினேன். மறுபடியும் ஆள் வந்தது.

அஸர் தொழுதுவிட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். உன் உம்மா பாயில் இருந்தார். பாட்டைக் காப்பாற்ற வாதாடுவது என்று வழியெல்லாம் வசனம் கட்டிக்கொண்டு போனவன், அவருடைய முகத்தைப் பார்த்ததும் எதிரே உட்கார்ந்து கணினியை மடியில் வைத்தேன். பிள்ளையைக் கபுறில் வைத்தவரிடம் என்ன ஹிப் ஹொப் கதைப்பது?

அழிக்கக் கணினியைத் திறந்தபோது அவர்தான் கேட்டார். “கொட்டுத்தானே மனே கூடாது எங்கிறாங்க. கொட்டில்லாம அவன்ட சத்தம் மட்டும் இரிக்கா?”

இருந்தது. உன் குரல் வேறாக, என் கொட்டு வேறாகத்தான் கிடந்தது. கொட்டின் சத்தத்தை அடைத்துவிட்டுப் பெருநாள் பாட்டைப் போட்டேன். உன் மூச்சு கேட்டது. போர்வை உரசுவது கேட்டது. கொட்டில்லாமல் ரெப் ஏது என்று உன்னோடு மல்லுக்கட்டியவன், தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். சீலை மடிக்கிற வரி வந்தது. அந்த இடத்தில், நான் ஆகக் கனமாகக் கொட்டுப் போட்டு மறைத்த இடத்தில், குசினிக்குள்ளிருந்து உன் உம்மாவின் குரல்:

“சோறு ஆறுது மனே. வா.”

நீ பாட்டை நிறுத்தி, போர்வைக்குள்ளிருந்தே, “வாறன் உம்மா” என்கிறாய். பிறகு விட்ட இடத்திலிருந்து தாளம் பிசகாமல் தொடர்கிறாய்.

உன் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். திருப்பிப் போடச் சொன்னார். இன்னொரு தரமும் போட்டேன். பிறகு, “இது இரிக்கட்டும்” என்றார்.

கொட்டுப் போட்டவை எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே அழித்தேன். உன்னோடு நான் செய்த வேலை முழுவதும் அப்படிப் போனது. வலித்தது, பொய் சொல்லமாட்டேன். உன் வெறுங்குரலை மட்டும் அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்தேன். பகலில் சோறு போட்டு வைத்துவிட்டு அதைக் கேட்கிறாராம், உன் கூடப்பிறந்த ராத்தா சொன்னா.

பாட்டு எங்கே போனது என்று இப்போதும் கேட்டு எழுதுகிறார்கள். வேறு பொடியன்கள் கொட்டுப் போடச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் பதிந்து கொண்டு வருவதை முதலில் முழுக்கக் கேட்கிறேன், பின்னால் யாராவது கூப்பிடுகிறார்களா என்று. கூப்பிட்டால் அதன்மேல் நான் கொட்டுப் போடுவதில்லை. அவன்களுக்குக் காரணம் விளங்காது.

உன் பாட்டின் பிரதி ஒன்று என்னிடமும் இருக்கிறது. கடையில் ஆளில்லாத நேரம் இந்த உரிந்த ஹெட்போனில் போடுகிறேன். “வாறன் உம்மா” வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதற்குமேல் ஓடவிட்டால் பாட்டு முடிந்துவிடும் மச்சான். அங்கேயே நிறுத்தினால், நீ இன்னும் வந்துகொண்டிருக்கிறாய்.