உடம்பில் சேராத சர்க்கரை

காரைக்குடி
12-3-1971

அன்புள்ள மச்சானுக்கு, லத்தீபாவின் ஸலாம். பினாங்கில் கடை வேலைக்கு நடுவே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

"எலும்புருக்கிக்காரிய வீட்டுல வச்சிருக்க முடியாது" என்று மாமி என்னை அத்தா வீட்டுக்கு அனுப்பியதை எழுதியிருப்பார்கள். மதுரையில் காட்டினோம். நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் ஒருவகைச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைப் பிடித்துச் சோதித்தார்கள். அந்தச் சர்க்கரை சிறுகுடலின் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்க வேண்டுமாம். எனக்குச் சொற்பமே இறங்கியது.

"நீ தின்னது ஒண்ணும் உள்ள சேரலம்மா. அதான் இப்படி வத்திட்ட. மாத்திரை, ஊசியில சரியாயிரும்" என்றார் டாக்டர்.

இது சயரோகமில்லை என்று மாமிக்கு ஒரு வரி எழுதுங்கள், மச்சான். என் தட்டைக் கொல்லையில் வைத்தார்கள்.

உங்கள்
லத்தீபா

பினாங்கு
2-5-1971

லத்தீபாவுக்கு,

ஸலாம். சிறுநீரைப் பார்த்துக் குடலைச் சொன்னார்களா என்று இங்கே சிரிக்கிறார்கள். அம்மா பேச்சை நான் தட்ட முடியாது. மாமா மகள் அஜீஸாவை நிக்காஹ் செய்யச் சொல்கிறார்கள். சம்மதித்துவிட்டேன். நீ அங்கேயே இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்.

ஜெகபர் சாதிக்

பினாங்கு
20-8-1973

அன்புள்ள லத்தீபாவுக்கு,

உனக்குக் குணமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷம். அம்மாவுக்குச் சில மாதமாக வயிற்றுப்போக்கு. நாக்கெல்லாம் புண், ஆள் உருகிவிட்டார்களாம். அஜீஸா பயந்து தாய்வீடு போய்விட்டாள். பழையதை மனதில் வைக்காமல் நீ போய்ப் பார்த்துக்கொள். உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள எனக்குச் சம்மதம்.

ஜெகபர் சாதிக்

காரைக்குடி
14-9-1973

ஜெகபர் சாதிக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே ஊரார் சொல்லிப் போய்விட்டேன். மாமி முதலில் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிராதம்மா, உன்னைய மாதிரி என்னையும் ஒதுக்கிருவாக" என்று அழுதார்கள்.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். அதே சோதனைதான். சிறுநீரை நானே பிடித்துக் கொடுத்தேன். எனக்கு இறங்கிய அளவுகூட மாமிக்கு இறங்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. ஏன் முன்னாடியே கொண்டுவரல?" என்று டாக்டர் கோபித்தார். ஊசி ஏறியும் உடம்பு தாங்கவில்லை. மவுத்தான தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். அடக்கத்துக்கு முன் நான்தான் குளிப்பாட்டினேன்.

சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்றீர்கள். எனக்குச் சம்மதமில்லை. பிரித்துவிடச் சொல்லி ஜமாத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

அசன் முகம்மது மகள்
லத்தீபா