அப்பாவின் லோரியும் சாமி அறைப் பெட்டியும்

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. புக்கிட் ரோத்தானில் நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், பெர்த்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காலுறை போட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வாட்சப்பில் எழுதலாம் என்றால் உன் படங்களைப் பார்க்கிறேன் என்று என் போனை எடுத்து எல்லாவற்றையும் படித்துவிடுகிறார். அவருக்குத் தெரியாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாலா அடுத்த வாரம் அங்கே மகள் வீட்டுக்கு வருகிறாள், அவளிடம் உன் இரண்டு ரவிக்கையையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். செகிஞ்சான் கருவாடு வேண்டும் என்று கேட்டாய், ஆஸ்திரேலியாக்காரன் ஏர்போட்டிலேயே பிடுங்கிவிடுவான் என்று மாலா பயப்படுகிறாள், அதனால் அது இல்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நீ வாங்கிக் கொடுத்த, டிவியில் ஓட்டுகிற லோரி விளையாட்டுக்கு மாதாமாதம் கட்டுவதை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னாயே, நிறுத்தாதே. சந்தோஷமாக இருக்கட்டும் என்று அனுப்பப்போய் அவர் மனசை நோகடித்துவிட்டேனே என்று நீ அன்றைக்கு அழுததில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் தப்பே இல்லை கண்ணு. பக்கவாதம் வந்து இடது கை விழுந்ததிலிருந்து அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்கு அத்தனை வருஷம் லோரி ஓட்டிய மனுஷன், கியர் போட்ட கையை மடியில் துணி மூட்டை மாதிரி வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற லோரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையை வேலை வாங்காவிட்டால் விறைத்துப் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அமுக்கச் சொல்லி ரப்பர் பந்து கொடுத்தார்கள், நான் என்ன சின்னப் பிள்ளையா என்று அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டார். நீ அனுப்பிய கண்ட்ரோலரைத்தான் யாரும் சொல்லாமல் கையில் எடுத்தார். இடது கட்டை விரலால் தள்ளினால் டிவியில் லோரி திரும்புகிறது என்று தெரிந்ததும் அவர் முகம் இருந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த லோரி அவர் பேச்சைக் கேட்கவில்லை. வளைவில் விரலைத் தள்ளுவார், அது நேராகப் போய்ச் சுவரில் இடித்துவிட்டு அப்புறம் சாவகாசமாகத் திரும்பும். ஒரு சமயம் உடனே கேட்கும், மறு சமயம் கேட்காது. அவர் கையும் அப்படித்தானே இருக்கிறது, காலையில் தம்ளரைப் பிடிக்கும், மத்தியானம் நழுவ விட்டுவிடும். அதனால் எல்லாம் கைதான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் கண்ட்ரோலரை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, இது செத்த கை லீலா, இனிமே ஒண்ணுத்துக்கும் ஆகாது லா என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பக்கவாதம் வந்த அன்றுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான் உனக்குப் போன் பண்ணினேன், நீயும் அழுதாய்.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது நானே அந்தக் கண்ட்ரோலரை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேடாதவள் நான். அப்படியும் லோரி என் பேச்சையும் கேட்கவில்லை, பாலத்தைத் தாண்டி ஆற்றுக்குள் போய் விழுந்தது. ஒரு வண்டியைக் கவிழ்த்துவிட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா, நான் குதிக்காத குறைதான். அவர் கையில் கோளாறு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதானே நினைப்பார், அதனால் வாயை மூடிக்கொண்டு இன்டர்நெட் லைன்காரர்களுக்குப் போன் பண்ணினேன்.

ஏணியைத் தலையில் கட்டிய வேனில் ஒரு பெண் வந்து இறங்கினாள், பெயர் தனேஸ்வரி, செரண்டாக்காரி. நம் பெண்பிள்ளைகள் இந்த வேலைக்கெல்லாம் வருகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வைஃபை பெட்டி எங்கேம்மா என்று கேட்டாள், சாமி அறைக்குக் கூட்டிப்போனேன். நம் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் சாமிகிட்டே வைப்போம் இல்லையா, இதை மாட்ட வந்தவர் எங்கே வைக்க என்று கேட்டபோது நானும் அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டேன். குங்குமம் வைத்து, தூசு படாமல் மஞ்சள் துணி போர்த்தி, வெள்ளித் தகடு அடித்த முருகன் படத்துக்குப் பின்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அதற்கும் கூடத்து டிவிக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர், போதாததற்கு நம் ஃபிரிஜ். தனேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சாமிக்கு லைன் நல்லா கிடைக்குதும்மா, ஐயாவுக்குத்தான் கிடைக்கல என்று சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீ முன்பு எத்தனையோ முறை விளக்கினாய், என் மண்டையில் ஏறவில்லை, அவள் சொன்னபோது ஏறியது. அந்த விளையாட்டு நம் டிவிக்குள் இல்லவே இல்லையாம். எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவாம், அதில் ஒன்றில்தான் அப்பாவின் லோரி ஓடுகிறதாம். இங்கே அவர் விரலைத் தள்ளினால் அந்தச் சேதி கம்பி வழியாகக் கடல் தாண்டிக்கூடப் போய், அங்கே லோரி திரும்பி, திரும்பிய படம் மறுபடி நம் கூடத்துக்கு வந்து சேர்கிறதாம், அதுவும் அவர் கண் சிமிட்டுவதற்குள். எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அதே டிவியில் சினிமாப் படம் மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதே என்று கேட்டேன். சினிமா என்றால் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம், லைன் ஒரு நிமிஷம் தடுமாறினாலும் நமக்குத் தெரியாதாம். விளையாட்டில் ஐயா அடுத்து எந்தப் பக்கம் திருப்புவார் என்று யாருக்கும் முன்னால் தெரியாதே, எப்படிச் சேர்த்து வைப்பது என்றாள். எவ்வளவு வருகிறது என்பது மட்டும் போதாதாம், எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்புகிறது என்பதும், அது ஒரே சீராக இருக்கிறதா என்பதும்தான் பெரிய விஷயமாம். எப்போதும் ஒரே அளவு தாமதம் என்றாலாவது கை பழகிக்கொள்ளும், ஏறி இறங்கினால் யாராலும் ஓட்ட முடியாது என்றாள்.

அதைத் தன் போனில் அளந்து அப்பா கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். சாமி அறையில் நம்பர் சின்னதாக அசையாமல் நின்றது, கூடத்துக்கு வந்ததும் தாறுமாறாகக் குதித்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போ கை இல்லையா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று தெரியாது, லைன்தான் ஐயா என்று சொல்லிவிட்டு ஏணியை எடுக்கப் போனாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய் அழுதேன் ஷர்மினி.

பெட்டியைக் கூடத்துக்கு மாற்றட்டுமா என்றாள், சாமிகிட்டே வைத்ததை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்கென்ன என்று அங்கிருந்து டிவி வரைக்கும் சுவரோரமாகவே ஒரு கேபிள் இழுத்துவிட்டாள். மஞ்சள் துணியை மட்டும் எடுத்துவிடுங்கள், சூடாகிவிடும் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா லோரியை வளைவெல்லாம் வளைத்துக்கொண்டுபோய், கடைசியில் ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் நிறுத்தினார். ஹாரன் வேறு அடித்தார். இப்போது தேத்தண்ணி குடித்ததும் தினமும் வேலைக்குப் போகிறவர் மாதிரி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார். போன வாரம் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். இத்தனை தூரத்திலிருந்து இப்படி ஒரு பொருளை யோசித்து அனுப்பினாயே, உன்னை நினைத்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீ ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளோடு சேர்ந்து வா. எண்ணெய் வைத்துத் தலை குளி. முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

இப்போது அவருக்குத் தெரியக்கூடாதது. அப்பா இன்னமும் சில நாள் இடிக்கிறார். கை களைத்துப்போனால் விரல் நழுவுகிறது. உடனே லைன் சரியில்ல லா என்று டிவியைத் திட்டுகிறார். தனேஸ்வரி அந்த அளக்கிற சாமானை என் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறாள், நான் சாமி அறையை ஒட்டின சமையலறையில் நின்று பார்ப்பேன், நம்பர் ஆடாமல் அசையாமல் நிற்கும். மழை மூட்டமா இருக்கு, அதனாலேதான் என்று சொல்லிவிடுவேன். அவரும் தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிடுவார். லைன் சரியில்லை என்று உன்னிடமும் புகார் சொல்லுவார், நீ பெரிய பிளானாக மாற்றித் தருகிறேன், கம்பெனிக்குப் போன் பண்ணுகிறேன் என்று ஆரம்பிக்காதே. ஆமாப்பா, லைன்தான் என்று மட்டும் சொல்லு.

உன் அம்மா
லீலாவதி அழகேசன்