முதல் இடத்தில் முகாமைத்துவம்

தோட்டத்தில் எல்லோரும் இன்னும் ‘தலைவர்’ என்றே பேசுகிற என் அப்பாவுக்கு,

இன்று வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் வளைக்க மாட்டேன்.

உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் புள்ளி வந்திருக்கிறது அப்பா. நாளையோடு விண்ணப்பம் முடிகிறது. விரும்புகிற பட்டப்படிப்புகளை வரிசைப்படுத்திப் போட வேண்டும். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள்.

நான் முகாமைத்துவத்தை முதலில் போட்டிருந்தேன். தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா, அது என்ன படிப்பு என்று கேட்டார். விளங்கட்டும் என்று “மேனேஜ்மெண்ட்மா” என்றேன். அங்கேதான் பிழையாகிவிட்டது.

நம் லயத்து வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தானே. தோட்டத்தை நடத்தும் தொரையும் கம்பெனியும். ஆபீஸ் வாசலில் நின்று நீங்கள் எதிர்த்துப் பேசிய ஆட்கள். அம்மா தலைத்துண்டை அவிழ்க்காமலே நின்றார்.

சித்தப்பாவும் இருந்தார். நீங்கள் கண்மூடிய பிறகு தொழிற்சங்கத் தலைவர் அவர்தான். “தலைவர் மக தொரையா வரப் போறா. நாளைக்கு நமக்கே அரைப்பேரு போடுவா பாருங்க அண்ணி” என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எடை குறைந்ததென்று போன வாரம்தான் அம்மாவுக்கு அரைப்பேர் போட்டு, அன்றைய சம்பளத்தில் பாதியை வெட்டினார்கள். அதையா அவர் முன்னால் வேடிக்கையாகப் பேசுவது?

அம்மாவுக்கு ஆசிரியர் படிப்பு மேலே வர வேண்டும். டீச்சரை யாரும் ஏச மாட்டார்கள் என்கிறார். சித்தப்பா போன பிறகு, வரிசையை மாற்றிவிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பீர்கள்?

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எடை கொறஞ்சா ஏன் பாதிய வெட்டுறீங்கன்னு ஒங்கப்பா கேக்கப் போறப்பல்லாம், கணக்கு ஒனக்கு வெளங்காதுன்னு அனுப்பிருவாங்க. அந்தக் கணக்க அங்க சொல்லிக் குடுப்பாங்களா?”

தெரியாது என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. “சொல்லிக் குடுக்காட்டி நான் கேப்பேன்மா.”

அம்மா தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார். “கேட்டுட்டு அந்தப் பக்கமே ஒக்காந்துறாத” என்றார்.

அது சம்மதம்தானா அப்பா? திரும்பக் கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்டால் மாறிவிடுமோ என்று பயம். முகாமைத்துவத்தை முதலிலேயே விட்டு அனுப்பிவிட்டேன். நாளை சங்கத்தில் சித்தப்பா என்ன சொல்லப் போகிறாரோ.

அம்மாவுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். என்னை எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும், வாசலில் வந்து கேட்கிறவரை உள்ளே கூப்பிட்டு, விளங்கும்வரை சொல்லுவேன்.

விடிந்தால் அம்மா வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். லைட்டை அணைத்துவிட்டார்.

உங்கள் மூத்த மகள்