வாளிக்குள் கிடந்த உங்கள் கார்

இஞ்சாருங்கோ,

கார் ஓடுது. மற்றக் கதைகளைப் பிறகு சொல்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் வேறு ஒன்றும் உங்கள் காதில் விழாது, எனக்குத் தெரியாதா?

வருகிற மாதம் உங்கள் ஆண்டுத்திவசம். நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி மகள் மதுரா கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு வரிக்குள் அடக்கத் தெரியவில்லை. அதனால் உங்களுக்கே கடிதமாக எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கார் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் ஒரு பெட்டிக்குள், கதவு இரண்டும் தனியாக, பின்சீற்றில் கோழி படுத்த வைக்கோல். ஏற்றி வந்த லொறிக்காரன்கூடச் சிரித்தான். நீங்கள் மட்டும் மாப்பிள்ளை போல நின்றீர்கள். "எட்டு சிலிண்டரப்பா!" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னீர்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஸ்ட்ராத்ஃபீல்டில் பஸ்ஸுக்கு மழையில் நின்றபோது அப்படி ஒன்று உறுமிக்கொண்டு போனதாம். அதைப் பார்த்தபடியே நின்று வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டீர்களாம். இருபது வருசமாக அந்தச் சத்தம் உங்கள் காதுக்குள் இருந்திருக்கிறது. எனக்கு ஒருநாளும் சொல்லவில்லையே!

"உம்மை முன்னுக்கு இருத்தி முருகன் கோயிலுக்குக் கொண்டுபோறன், பாரும்" என்றீர்கள்.

"பஸ்ஸில போனா இண்டைக்கே போய்ச் சேந்திடலாம்" என்றேன் நான்.

கோபிக்காமல் சிரித்துக்கொண்டு கராஜுக்குள் போனீர்கள். ஆறு வருசம் போனீர்கள். கதவுக்கும் பொனற்றுக்கும் பப்பாளிப்பழ நிறத்தில் பெயின்ற் அடித்தாயிற்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டுகிற வேலைதான் மிச்சம். அதற்குள் நீங்களே போய்விட்டீர்கள்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீடு கழுவினோம் அல்லவா? வந்த சனத்தை இருத்த இடம் போதாது. கராஜைத் துப்புரவாக்கி, காரைப் படுக்கை விரிப்பால் மூடி, பக்கத்தில் சாப்பாட்டு மேசை போட்டோம். சுவர்த்தட்டு நிறைய உங்கள் ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் போல்ட்டும் நட்டும், வெளியில் ஒட்டின ஒரு துண்டு பிளாஸ்டிக் ரேப்பில் இங்கிலீசில் ஏதோ எழுத்து. எனக்கு அது வாசிக்க வராது. உதவிக்கு வந்த பெண்களிடம், "எல்லாத்தையும் அந்த வாளிக்குள்ள கொட்டிப்போட்டு, போத்தலைக் கழுவித் தாங்கோ" என்றேன். சனம் போகும்போது ஊறுகாய் கொடுத்துவிடப் போத்தல் வேண்டுமே!

உங்கள் கூட்டாளி நசீர் நானா, அவர்தான் செவன் ஹில்ஸில் கார் திருத்துகிறவர், அடுத்த கிழமை வந்து வாளியைப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் குந்திவிட்டார்.

"என்ன தங்கச்சி செஞ்சி வெச்சிருக்கீங்க? இது வாளி இல்ல, முழுக் காரு! எது எங்க போறதுன்னு அவருக்குத்தானே தெரியும்!"

உங்களை எரித்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மதுரா என் முதுகைத் தடவினாள். "அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் செல் இட். அப்பா இல்ல. ஆர் ஓடப்போறது?"

"நான்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. உங்கள் திவசத்துக்கு முன்னம் அந்தக் கார் கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்றும் சொன்னேன்.

நானா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. எஞ்சின நான் பாக்கிறேன். வாளிய நீங்கதான் பாக்கணும். கொட்டினது நீங்கதானே!"

பன்னிரண்டு வருசம் தொழிற்சாலையில் குழாய்ச் சாமான் பொதி செய்தவள் நான். திருகாணி கையில் பட்டால் அது எந்தப் பெட்டிக்குரியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குசினியில் இருந்த சுளகை எடுத்துக்கொண்டு கராஜில் குந்தினேன். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். செம்மண் ஒட்டினது காரின் அடிப்பக்கத்தில் இருந்தது. கறுப்பு எண்ணெய் பிடித்தது எஞ்சின் பக்கம். அழுக்கில்லாதது உள்ளே இருந்தது. வாளிக்குள் கொட்டச் சொன்ன எனக்கு, போல்ட்டையும் கழுவச் சொல்லப் புத்தி வராதது முருகன் செயல்! பிறகு நீளம், பிறகு தலை, பிறகு விரலால் தடவிப் பார்க்கிற புரி. நானா படம் போட்ட புத்தகம் ஒன்று கொண்டுவந்தார். நான் எடுத்து நீட்ட, அவர் பூட்டினார். பிழை என்றால் அது ஏறாது. மூன்று மாதத்தில், "தங்கச்சி, உங்க ஆளுக்கும் இந்தக் கை இல்ல" என்றார். உங்களுக்குக் கோபமா?

எஞ்சினை முதல் தடவை முடுக்கிய நாள் அயல்வீட்டு நாய் வேலியைப் பாய்ந்து ஓடியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே சாமித்தட்டில் உங்கள் படம் சரிந்துவிட்டது. ஓடிப்போய் நிமிர்த்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

கடைசியில் சுளகில் நாலு போல்ட் மிஞ்சியது. புத்தம் புதுசு, வெள்ளி போல மினுங்கியது. மற்றதெல்லாம் பழசு, இது மட்டும் எங்கிருந்து வந்தது? நானா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இந்தக் காருடையது இல்ல. வேற எதுக்கோ வாங்கியிருப்பார், எறிங்க." எனக்கு எறிய மனம் வரவில்லை. உங்கள் கைபட்டது ஒன்று இடமில்லாமல் நிற்கிறதே என்று நெஞ்சுக்குள் உறுத்தியது.

போன கிழமை நார்த்மீட் இராசாத்தி அக்கா வந்தா, அன்றைக்குப் போத்தல் கழுவினவர்களில் ஒருத்தி. ஊறுகாய்ப் போத்தலைத் திருப்பித் தர வந்தவ. வெறும் போத்தல் கொடுக்கக்கூடாது என்று சீனி நிரப்பிக் கொண்டுவந்தா.

"எவ்வளவு தேய்ச்சும் அந்த ரேப் மட்டும் போகேல்லையடி" என்றா. "இது உன்ரை மனுசன்ரை கையெழுத்தெல்லே?"

வாங்கிப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீசில் எழுதிய மனிசன், அந்த ஒரு போத்தலில் மட்டும் தமிழில் எழுதியிருந்தீர்கள்.

"அவவின்ரை சீற். புதுசுதான் போட வேணும்."

நான் அந்தக் காரைச் சக்களத்தி என்றேனே! நீங்கள் என்னை மறந்துவிட்டு அதோடு குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று மகளிடம் எத்தனை தரம் முறையிட்டிருப்பேன். பழசெல்லாம் உங்களுக்கு வைத்துக்கொண்டு, என் சீற்றுக்கு மட்டும் அந்த நாலு போல்ட்டும் புதுசாக வாங்கியிருக்கிறீர்கள். இராசாத்தி அக்கா பயந்துபோனா. நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

என் பக்கத்துச் சீற் துணி தைக்கப் போயிருந்தது. அது திரும்பி வந்ததும் நாலு போல்ட்டையும் நானே முறுக்கினேன். நானாவைத் தொடவிடவில்லை.

நேற்றுப் போனோம். மகள் ஓட்டினாள், நான் முன்னுக்கு இருந்தேன், நீங்கள் சொன்னபடியே. வழியெல்லாம் கையைச் சீற்றுக்கு அடியில் விட்டு அந்தப் போல்ட்டைத் தொட்டுக்கொண்டே போனேன். சிக்னலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைத் தூக்கினார். நானும் தலையை ஆட்டினேன், ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படிப்பட்ட காரில் போகிறவள் மாதிரி!

பூசை முடிந்து, ஐயர் நசுக்கிக்கொண்டு போகக் காரின் நாலு சில்லுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்தார். அப்போது மகளை இறக்கி, "நீ அங்கால இரு" என்று நான் ஸ்ரேறிங்கைப் பிடித்தேன். நானாவின் பழைய வான் வண்டியில் கியர் பழகியது அவளுக்குத் தெரியாது.

"பைய விடுங்கோ, அம்மா" என்றார் ஐயர்.

பையத்தான் மிதித்தேன். எட்டு சிலிண்டருக்கு அது போதவில்லையா, கூடிவிட்டதா? பின்சில்லு கிறீச்சிட்டுச் சுழன்றது. ஒரு தேசிக்காய் துவக்குக் குண்டு போலப் பறந்து ஐயரின் தேங்காய்க் கூடையைக் கவிழ்த்தது. கோயிலில் நின்ற சனமெல்லாம் கை தட்டியது. எங்களுக்குப் பின்னால் தன் வண்டியில் வந்திருந்த நானா, "மாஷா அல்லாஹ்! அவர் இருந்தாலும் இப்படித்தான் மிதிச்சிருப்பார்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஸ்லோ டவுன்!" என்று மகள் வீடு வரைக்கும் கத்திக்கொண்டு வந்தாள், என் சீற்றில் இருந்துகொண்டு. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் கத்தியிருப்பீர்களா? இல்லை, இன்னும் மிதியும் என்றிருப்பீர்களா?

ஒரு சத்தியம் செய்கிறேன். அந்தப் படுக்கை விரிப்பைத் துவைத்துக் கட்டிலில் விரித்துவிட்டேன். இனி உங்கள் காரை மூடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து ஓட்டுவேன். அன்றைக்குப் போத்தல் கழுவின ஒவ்வொருத்தியையும் முறை வைத்துப் பக்கத்தில் இருத்திக் கொண்டுபோவேன். இராசாத்தி அக்காதான் முதல் ஆள். இப்போதே கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறா.

சீனிப் போத்தல் குசினியில் நிற்கிறது. ரேப்பை உரிக்கமாட்டேன்.

உங்கள் மனுசி,
அந்தச் சீற்றுக்காரி.