வேலை வாங்காத வார்த்தைகள்

குமாரோட அப்பாவுக்கு,

போன வாரம் உங்களுக்குத் திவசம் கொடுத்தோம். நீங்கள் ஆசையாகச் சாப்பிடும் நெத்திலி சம்பலையும் படையலில் வைத்தேன். கோலாலம்பூரிலிருந்து குமார், மருமகள், பேத்தி தர்ஷினி எல்லோரும் வந்தார்கள். தர்ஷினி என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நாக்கில்தான் இன்னும் தமிழ் ஏறவில்லை. யாரால் என்று நான் சொல்ல வேண்டுமா?

அவளோடு பேசத்தானே அந்த வயதில் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்தீர்கள்? தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து, குளிர் தாங்காமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, போனில் பாடம் கேட்பீர்கள். எல்லாம் வாய்க்குள் அடங்காத பெரிய பெரிய வார்த்தைகள்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு நீள வார்த்தை? உங்களுக்குத் தெரிஞ்சதே போதாதா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சது என்னா? கம், கோ, கட், குவிக். எஸ்டேட் தொர நம்மகிட்ட வேலை வாங்குன வார்த்தைலா அதெல்லாம். அதையா எம்பேத்திகிட்ட பேசுவேன்?" என்றீர்கள்.

அந்தத் தீபாவளிக்குப் பிள்ளை வந்து இறங்கியதும், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றீர்கள். "ஐ ஏம் டிலைட்டட். யூ ஆர் எக்ஸ்ட்ராடினரி." பிள்ளை பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னா மாமா, டிக்ஷனரிய முழுங்கிட்டீங்களா?" குமாரும் சேர்ந்து சிரித்தான். நீங்கள் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனீர்கள். அன்று காலையில்தான் ஊற்றியிருந்தீர்கள்.

அதன்பிறகு அவள் வரும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினீர்கள். அடுத்த தீபாவளிக்கு நீங்களே இல்லை.

திவசத்தன்று உங்கள் படத்தைப் பார்த்துப் பிள்ளை ஏதோ கேட்டாள். குமார் தலை குனிந்தபடி சொன்னான்: "தாத்தாவுக்கு எம்மேல கோபமா, அதான் எங்கிட்ட பேசலையான்னு கேக்குறாம்மா."

உங்களுக்கா கோபம்? அவள்மேலா?

"நான் சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுடா. ஒன்னையும் குறைக்காத" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததையும் சேர்த்துத்தான். பாதியில் குமார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். மிச்சத்தை மருமகள்தான் பிள்ளைக்குச் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

பிள்ளை உங்கள் படத்துக்கு முன்னால் போய் வெகுநேரம் நின்றாள். என்ன நினைத்தாளோ? கேட்க எனக்குப் பாஷை இல்லையே.

ஸ்கூல் லீவுக்கு அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழில் உங்களைப் பற்றிச் சொல்வேன். புரியாவிட்டால் திரும்பவும் சொல்வேன். உங்களைக் கோபக்காரத் தாத்தா என்று அந்தப் பிள்ளை நினைக்க, என் உயிர் இருக்கும்வரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
குமாரோட அம்மா