பிறந்த நாடு: கட்டாயம் நிரப்பவும்

டிச. 2, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். என் பிரவுசிங் சென்டரில் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. வாங்க வேண்டியது: ஏ4 தாள், பிரிண்டர் மை, அம்மாவுக்கு இருமல் மருந்து.

எதிரே நடைபாதையில் ஸ்வெட்டர் கடை போடும் லோப்சாங் அண்ணாச்சி வந்தார். இருபது வருஷமாக மழைக்காலம் தவறாமல் பாளையங்கோட்டைக்கு வருகிறவர். திபெத்துக்குள் சீனப் பட்டாளம் புகுந்த காலத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து மலை தாண்டியவர். தம்பி ஐரோப்பாவில், ஆஸ்பத்திரியில். டாக்டர்கள் கைவிட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அவசர விசா படிவத்தை நான் ஆன்லைனில் நிரப்பித் தர வேண்டும்; அதற்குப் பிறகு வாங்க மாட்டார்களாம்.

"அவன் கண்ண மூடுததுக்கு முன்னால போயிரணும் தங்கச்சி."

டிச. 3, புதன்

'பிறந்த நாடு' கட்டம். பட்டியலில் கேள்விப்படாத தீவெல்லாம் இருக்கிறது. திபெத் இல்லை. நாலு முறை தேடினேன். உதவி எண்ணில் ஒரு பெண்: "சீனான்னு போடுங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

பற்றிக்கொண்டு வந்தது. விசா கொடுக்கிற நாட்டு மந்திரிதான் போன மாதம் டிவியில் திபெத்துக்காக 'ஆழ்ந்த கவலை' தெரிவித்தார். கவலைப்பட மட்டும் திபெத் வேண்டும், படிவத்தில் எழுத வேண்டாமாம். ஐ.நா. அந்தக் காலத்திலேயே போட்ட தீர்மானம் எந்த அலமாரியில் கிடக்கிறதோ? வீட்டைப் பறித்தவன் பெயரை வீட்டுக்காரன் கையாலேயே எழுத வைக்கிறார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

டிச. 4, வியாழன்

அவரிடம் சொல்லாமல் சீனா என்றே போட்டேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவர் என்ற தைரியம். தாளைக் கையெழுத்துக்கு நீட்டினேன். பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியுமாம். லூதியானாவில் சரக்கு எடுக்கும்போது லேபிளில் அது இருந்தால் ஒதுக்கிவிடுவாராம்.

"இந்தப் பேரு இருந்தா சட்டையக்கூட தொட மாட்டேன். எம் பேருக்குக் கீழ போட்டுட்டியே."

"ஒரு கட்டம்தான அண்ணாச்சி. தம்பியப் பாக்க வேண்டாமா?"

பேனாவை மூடி மேசையில் வைத்தார். வெளியே எவனோ கத்தினான்: "ஏலே, சீனாக்காரரு கடையில ஆளக் காணோம்லே!" நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எழுந்தேன். அதையேதானே நானும் டைப் அடித்திருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

டிச. 5, வெள்ளி

வெயில். இருமல் மருந்து மறந்தே போச்சு.

நாலரைக்கு வந்தார். ராத்திரி தூங்கின முகமில்லை. "அத எடுத்துரு தங்கச்சி. எங்கப்பா என்னச் சொமந்தது அந்தப் பேருக்குத் தப்பிச்சுத்தான்."

எடுத்தேன். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. என்னவென்று கேட்டார். படித்துச் சொன்னேன்: "பிறந்த நாட்டைத் தேர்வு செய்யவும்."

"பொறந்த நாட்ட எவனாவது தேர்வு செய்ய முடியுமா?"

ஐந்து மணி. பக்கம் மூடிக்கொண்டது. எனக்கு மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அண்ணாச்சி அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. வரவில்லை என்று சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது.